நீவ மறுத்த பெரியவருக்கும் எங்கள் தெருவாருக்கும் நன்றி

அம்மா நேற்று மாலை யார் தோளையும் பிடிக்காமல் பிள்ளையார் கோயில்வரை நடந்து போய்வந்ததைப் பார்த்தவர்களுக்கு, இம்மடலை இன்றே எழுதுவதன் காரணம் புரியும். அம்மாவின் கணுக்கால் பிசகியதையும் அதன்பின் நடந்தவற்றையும் நீங்கள் அனைவரும் அறிவீர்கள்.

முதல் நன்றி, சுளுக்கு எடுப்பதில் இந்த வட்டாரமே நம்பும் மேலத்தெருப் பெரியவருக்கு. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், எலும்பு முறியவில்லை, கணுக்காலின் வெளிப்பக்கத்து ஜவ்வுதான் பாதி கிழிந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிய பிறகும், எண்ணெய் தடவி நீவினால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று பார்க்க வந்தவர்கள் வற்புறுத்தியதால், அம்மாவே அவருக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் காலைத் தொடவே இல்லை. கன்றிப்போயிருந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே ரத்தம் கசிந்திருக்கும்போது நீவினாலும் சூடு வைத்தாலும் வீக்கம் கூடுமேயன்றிக் குறையாது, மூன்று நாளைக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக் காலை உயர்த்தியே வைத்திருங்கள் என்றார். மருத்துவர் சொன்னதும் இதேதான்; ஆனால் அம்மா கேட்டுக்கொண்டது இவர் சொன்ன பிறகுதான். வெற்றிலைத் தட்டில் வைத்த பணத்தையும் அவர் தொடவில்லை. நீவிப் பிழைப்பவர் நீவ மறுத்ததற்கு என்ன கைம்மாறு செய்வதென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஐயா, தீபாவளிக்கு அம்மா எடுத்து வைத்திருக்கும் வேட்டியையாவது மறுக்காதீர்கள்.

குளிர்பதனப் பெட்டி பழுதாகிக் கிடந்த எங்களுக்கு வேளை தவறாமல் ஐஸ் கொடுத்த ஜூஸ் கடைத் தம்பிக்கும், அதைத் துண்டில் சுற்றி ஒரு வேளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், கிரேப் பேண்டேஜை விரல்களுக்குச் சற்று மேலிருந்து தொடங்கிச் சுற்றி, விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்த வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்த செவிலியர் அக்காவுக்கும், கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும் என்று தலையணைகளைக் கொண்டுவந்து அடுக்கியவர்களுக்கும், சமைத்து அனுப்பியவர்களுக்கும் எங்கள் நன்றி.

வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுவதால்தான் பலருக்கு அதே கால் மறுபடியும் பிசகுகிறது என்கிறார்கள். ஆகவே சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை, அம்மா எவ்வளவு திட்டினாலும், நாள்தோறும் செய்யவைப்பேன். ஐஸ் பையும் பேண்டேஜும் இனி எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். தேவைப்படுபவர்கள் எந்நேரமும் கதவைத் தட்டலாம்.