பெயர் தெரியாத அந்த அண்ணனுக்கு நன்றி

அண்ணே, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, புகைப்படக் குழுவில் முகத்துக்குப் பதில் ஒரு காவடிப் படம்தான் வைத்திருந்தீர்கள். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நான் எடுத்த தீபாவளி விளக்குப் படங்களுக்கு எல்லாரும் லைக் போட்டுவிட்டுப் போக, நீங்கள் மட்டும் நின்று, ஸ்னாப்சீட் எடிட்டிங் ஆப்பில் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடத்தை, திறந்து பார் தங்கச்சி என்று எழுதினீர்கள். மேடு வலது ஓரத்தில் போய் முட்டினால் வெளிச்சம் வெளுத்துவிட்டது என்று அர்த்தம், முழுதாக வெளுத்த இடத்தில் விவரமே இருக்காது, எந்த ஆப்பாலும் மீட்க முடியாது; நிழலை அப்புறம் ஓரளவு தூக்கலாம், அதுவும் கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் RAW கோப்பாக எடுத்திருந்தால் நன்றாகவே தூக்கலாம், ரொம்பத் தூக்கினால் புள்ளி புள்ளியாக வரும். இவ்வளவையும் நள்ளிரவில் பொறுமையாக எழுதினீர்கள்! திரையில் விளக்கைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கவும் சொன்னீர்கள்.

எடிட்டிங் ஆப் வழியாகத்தான் எனக்குக் கேமராவே புரிந்தது, அதற்குக் காரணம் நீங்கள். இப்போது தேக்கா பூக்கடையில் மஞ்சள் பல்புக்கு அடியில் நின்றாலும் முதலில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸைத்தான் பார்க்கிறேன், மல்லிகை மல்லிகையாகவே வெள்ளையாக வருகிறது.

தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு பக்கம் வந்தால் குழுவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, ஒரு தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும்.