ஆக்லாந்தில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி முன்னைக்குத் தேவலை. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, லேபுக்கு நேரமாச்சு" என்பாய். அதனால்தான் கடிதம்.

நீ சொன்னது எனக்குப் புரிந்தது. அங்கே நியூசிலாந்தில் 1982இல் 7 கோடி செம்மறி இருந்ததாம், இன்று அதில் பாதிகூட இல்லை. இருக்கிறதிலும் முரட்டுக் கம்பளி விற்ற காசு பல வருஷம் கத்தரிக்கிற கூலிக்கே பற்றவில்லையாம். அந்த முடியை நறுக்கி, சோளமாவிலிருந்து வருகிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் கலந்து, சட்டென்று தீப்பிடிக்காமல் செய்யப் பார்க்கிறீர்கள்.

முடி எரிகிற விதம் என்னைப்போலத் தோல் பதனிடும் டேனரிக்காரனுக்குப் புதிதல்ல. நுனி சுருளும், குமிழ்விடும், கறுத்து மணியாகி நிற்கும். நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். பருத்தி நூல் அடிவரை எரிந்து சாம்பலாகும். கம்பளியில் நைட்ரஜன் 16 சதவீதம், கந்தகம் 3, 4 சதவீதம். அது விடாமல் எரிய 25 சதவீத ஆக்சிஜன் வேண்டும், காற்றில் இருப்பதோ 21 தான் என்றாய். இத்தனை வருஷம் பார்த்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது. உங்கள் பி.எல்.ஏ. உருகி, எரிந்துகொண்டே சொட்டும். முடியோடு தீயை அடக்கும் உப்பான அம்மோனியம் பாலிபாஸ்பேட்டும் சேர்ந்தால் மேலே கரி உப்பி மூடிக்கொள்ளும். 10 வினாடி சுடர் காட்டி எடுத்துவிட்டு, விழுகிற சொட்டு கீழே வைத்த பஞ்சைப் பற்றவைக்கிறதா என்று பார்ப்பீர்களே, அந்தச் சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஏமாற்ற முடியாத சோதனை.

நான் கேட்க வந்தது வேறு. உங்களுக்கு வருவது கத்தரித்த கம்பளியா, தோலிலிருந்து உரித்ததா? மூட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் ஊர் இறைச்சிக்கூடங்களிலும் எங்களைப்போலவே தோலின் உள்பக்கத்தில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் குழைத்துப் பூசி, வேர் தளர்ந்ததும் முடியை இழுத்தெடுப்பார்கள். கவனமாகப் பூசினால் முடித்தண்டு கெடாது. கை தவறி மேல்பக்கம் வழிந்தால் அந்த இடத்து முடி கூழாகிவிடும். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பைத்தான் சல்பைடு அறுக்கிறது. நீங்கள் நம்பியிருப்பதும் அந்தக் கந்தகத்தைத்தானே! ஒரு மூட்டையில் நல்ல முடியும் வெந்த முடியும் கலந்திருந்தால் உன் சோதனை ஒருநாள் தேறும், ஒருநாள் தோற்கும். நீ பிளாஸ்டிக்கைக் குறை சொல்வாய்.

இன்னொன்று. சல்பைடு மிச்சம் இருக்கும் முடியை அலசாமல் அமிலத்தோடு சேர்க்கக் கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். எங்கள் கழிவுநீர்த் தொட்டிகளில் ஆள் விழுந்து செத்ததெல்லாம் அந்த வாயுவால்தான். பாலிபாஸ்பேட் சூடேறினால் அமிலமாகும் என்று நீயேதான் சொன்னாய். அதனால் முதலில் நன்றாக அலசு, பிறகு காயவை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டுத் தொட்டால் காய்ந்ததுபோலக் கிடக்கும். உருக்கும்போது அந்த ஈரமே பி.எல்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும்.

புகையையும் அளக்கச் சொல். நைட்ரஜன் உள்ள முடி எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். தீ பரவவில்லை என்று மட்டும் எழுதி, புகையைப் பற்றி வாய் திறக்காத ரிப்போர்ட்டை நான் மதிக்கமாட்டேன், எழுதியது என் மகளே ஆனாலும். தோல் சீவல் இங்கே மலைபோலக் கிடக்கிறது, அதுவும் புரதநார்தானே என்று யாராவது உங்களிடம் விற்க வரலாம். குரோமில் பதனிட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நெருப்பில் அந்தக் குரோமியம் நஞ்சாக மாறும்.

ஒப்பிட்டுப் பார்க்க இங்கிருந்து கொஞ்சம் வெள்ளாட்டு முடி பார்சலில் போடலாம் என்று நினைத்தேன். தேனைக்கூட உள்ளே விடாத ஊர் உன் ஊர், முடியையா விடும்? உங்கள் பல்கலைக்கழகம் வழியாக அனுமதி வாங்க முடியுமா என்று விசாரித்துச் சொல். அம்மா இடித்த இட்லிப்பொடி டப்பா தயாராக இருக்கிறது. அதற்கும் சேர்த்தே கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா