எண்ணூருக்கு வரும் எரிவாயுவும் அமீன் கரைசலும்

ஆசிரியருக்கு,

2019-இல் திறக்கப்பட்ட எண்ணூர் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் பற்றிய கட்டுரையில், கப்பலில் வரும் வாயு அங்கே அமீன் (அமில வாயுக்களை உறிஞ்சும் ரசாயனம்) கரைசலால் சுத்திகரிக்கப்படுவதாக வந்திருந்தது. முனையத்தில் அந்த வேலையே இல்லை. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு உறைந்து குழாய்களை அடைத்துவிடும். ஆகவே திரவமாக்கும் ஆலையிலேயே அதை 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் கப்பலேற்றுகிறார்கள்.

'அமீன்களைக் கலந்தால் எல்லா அமில வாயுவும் (கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு) வேகமாகப் போய்விடும்' என்பதும் அரைகுறை. எம்.டி.இ.ஏ. (மெத்தில் டைஎத்தனால் அமீன்) கார்பன் டை ஆக்சைடோடு நேரே வினைபுரியாது. தண்ணீரின் துணையோடு பைகார்பனேட்டாக மெல்லத்தான் வாங்கும். 40 சதவீதக் கரைசலில் 3 முதல் 7 சதவீதம் பிப்பரசீன் என்ற இன்னொரு அமீனைச் சேர்த்தால், அது சட்டென்று பிடித்து எம்.டி.இ.ஏ.விடம் கைமாற்றிவிடும். பழைய எம்.இ.ஏ.வைவிட (மோனோஎத்தனால் அமீன்), கரைசலைக் கொதிக்கவைத்து வாயுவைப் பிரிக்கும் ரீபாய்லரில் நீராவியும் மிச்சம். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடை மட்டும் எடுத்தால் போதும் என்கிற டெயில் கேஸ் யூனிட்டில் (சல்ஃபர் யூனிட்டில் மிஞ்சும் வாயுவைச் சுத்தம் செய்யும் பகுதி) பிப்பரசீன் வேண்டாத விருந்தாளி. கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அள்ளிவந்து சல்ஃபர் யூனிட்டின் தலையில் கட்டும்.

கோளாறு பெரும்பாலும் டாப்-அப்பில்தான் (குறைந்த கரைசலை நிரப்புவதில்) ஆரம்பம். வழக்கமான டைட்ரேஷன் மொத்த அமீன் பலத்தைத்தான் சொல்லும். பிப்பரசீன் தனியாகக் குறைந்ததைக் காட்டாது. ரிப்போர்ட்டில் பலம் சரியாக இருக்கும், வாயுவைக் கழுவும் டவரின் உச்சியில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். கேஸ் குரோமட்டோகிராஃபில் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும். தண்ணீரும் டி.எம். (தாது உப்பு நீக்கிய) தண்ணீராக இருக்க வேண்டும். நம் கடலோர போர்வெல் தண்ணீரை ஊற்றினால் குளோரைடு உள்ளே புகுந்து, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பிரியாத உப்பாகத் தங்கி இரும்பை அரிக்கும்.

அடுத்தது நுரை. லீன் அமீன் (வாயுவைப் பிரித்துச் சுத்தமாகத் திரும்பும் கரைசல்), டவருக்குள் வரும் வாயுவைவிட 5 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கனமான ஹைட்ரோகார்பன் கரைசலுக்குள்ளேயே குளிர்ந்து திரவமாகி நுரைக்கும். அதற்காக 50 டிகிரியைத் தாண்டவிட்டால் உறிஞ்சும் திறன் விழும். அக்னி நட்சத்திர வெயிலில் ஏர் கூலரை நம்பி இந்த இடைவெளியைப் பிடிப்பது லேசான காரியமல்ல. டவரின் டி.பி. (மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம்) துள்ளியதும் ஆன்டிஃபோமை (நுரையடக்கி) ஊற்றுவது கைப்பழக்கம். அளவு மிஞ்சினால் அதுவே நுரையைக் கூட்டும். முதலில் ஒரு லிட்டர் சிலிண்டரில் 200 மில்லி கரைசலை எடுத்து, நைட்ரஜனைக் குமிழவிட்டு நிறுத்திப் பாருங்கள். சில வினாடியில் நுரை அடங்காவிட்டால் தேட வேண்டிய இடம், கரைசலில் நுரையைக் கிளப்பும் அசுத்தத்தைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டர்.

— வாசகர், மணலி, சென்னை