மடியில் பாதிப் போர்வை

ஏற்காடு,
மார்கழி 12

அன்புள்ள தோழிக்கு,

முட்டிவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கிறது. காலை ஒன்பது மணிவரை பனி விலகுவதில்லை, வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரிவதில்லை.

"அந்தக் கம்பளிப் போர்வையை இன்னுமா ஊசியில் பின்னுகிறாய், கடையில் ஒன்று வாங்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தாய். இன்னும்தான் பின்னுகிறேன். போன வாரத்தோடு 210 வரிசை ஆயிற்று. 360 வந்தால்தான் ஐந்தடி நீளம்.

முதலில் நான் போட்ட கணக்கே தப்பு. சாதாரணப் பின்னலில் அளந்து பார்த்து, நாலடி அகலத்துக்கு 220 கண்ணி, அதாவது ஊசியில் 220 நூல் வளையம், போதும் என்று ஏற்றினேன். ஒரு சாண் வளர்ந்ததும் அளந்தால் மூன்றேகால் அடிதான் இருந்தது. தலைச்சடை மாதிரி முறுக்கிப் பின்னுகிற சடை வடிவம் செய்த வேலை அது. ஆறு கண்ணியில் முதல் மூன்றைச் சின்ன ஊசியில் எடுத்து முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, அப்புறம் நிறுத்தியதைப் பின்ன வேண்டும். முன்னால் நிறுத்தினால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் துணி உள்ளே இழுத்துக்கொள்கிறது, நூலும் அதிகம் பிடிக்கிறது. அம்மாபேட்டை வீட்டுக் குழித்தறியில் அப்பா பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றும்போதே அகலம் ஏறக்குறைய முடிவாகிவிடும். அந்தப் பழக்கத்தில் இதிலும் இறங்கிவிட்டேன். எல்லாவற்றையும் பிரித்து, 280 கண்ணி, 28 சடை என்று மறுபடி ஏற்றினேன்.

ஆடியில்தான் நெஞ்சு பதறிப்போனது. விரித்துப் பார்க்கிறேன், நாற்பது வரிசைக்குக் கீழே நடுச் சடை ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. நாற்பது வரிசை என்றால் எனக்குப் பல மாத வேலை. இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. பிறகு, அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டேன். வரிசை வரிசையாக அவிழ்ந்து, ஏணிப்படி மாதிரி வெறும் நூல் நின்றது. கீழிருந்து ஒவ்வொரு படியாக எடுத்துப் பின்னி, முறுக்கைச் சரியான பக்கம் திருப்பி மேலே கொண்டுவந்தேன். இரண்டு மாலை வேலைதான், பக்கத்துச் சடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணி நழுவினால் துணியே போச்சு என்றுதான் இத்தனை வருடம் பயந்திருந்தேன். அதே நழுவல்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. தறியில் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் இறுகிய பிறகு இவ்வளவு எளிதாகத் திறக்க வழியில்லை.

குளிருக்குக் கடைப் போர்வை போதும், மறுக்கவில்லை. ஆனால் அப்பா போய், தறியையும் விற்ற அந்த ஐப்பசியில் என் கை சும்மா இருக்க மறுத்தது. அப்போது ஏற்றியதுதான் இது.

இப்போதைய கவலை நூல். ஒரு கிலோ வாங்கியிருந்தேன், இன்னும் அரைக் கிலோ வேண்டும். சேலத்தில் அதே நிறம், அதே எண் என்று வாங்கி வந்தேன். வேறு சாயத்தில் தோய்த்தது போல, பகல் வெளிச்சத்தில் ஒரு பொட்டு மங்கல் தெரிகிறது. அதனால் பழையது கொஞ்சம் இருக்கும்போதே, அதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுகிறேன். கோடு விழாமல் கலந்துவிடுகிறது.

எப்படியும் வருகிற மாசிக்கு முடியாது, அதற்கடுத்த மாசிக்கு முடிந்துவிடும். முடிந்ததும் நனைத்துக் காயவைக்க வேண்டும். நனைத்த கம்பளியைக் கொடியில் போட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும், தரையில் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். அதற்குள் காப்பிக் கொட்டையை அள்ளிவிடுவார்கள், களம் காலியாக இருக்கும், வெயிலும் நன்றாக விழும். நீ வா. 20 கொண்டை ஊசி வளைவுக்கும் உனக்குத் தலை சுற்றும், பேருந்தில் முன் இருக்கையாகப் பார்த்து உட்கார். ஈரப் போர்வையின் நாலு மூலையையும் பிடித்து விரிக்க இரண்டு பேர் வேண்டும்.

உன்,
விடுதி அறைத்தோழி