நேரச் சாவடியிலிருந்து ஒரு மனக்குறை

காடுமேட்டு நெடும்பாதைப் பந்தயமான எண்டியூரோ போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நேரச் சாவடியில் மேசை போட்டு உட்கார்ந்து, வீரர்களின் அட்டையில் நிமிடம் குறித்துக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். மோட்டார் சைக்கிள் போட்டி, மலைச் சைக்கிள் போட்டி இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பெஷல் டெஸ்ட்டுகளுக்கு, அதாவது வேகத்துக்காக நேரம் அளக்கும் துண்டுகளுக்கு, இடையிலான இணைப்புப் பாதைக்கு நீங்கள் ஒதுக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு தாராளமாகிக்கொண்டே போகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன பருவத்தில் ஒரு போட்டி, பெயர் வேண்டாம். என் சாவடிக்கு முதல் வீரர் இருபது நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தார். முன்னதாக நுழைந்தாலும் நிமிடத்துக்கு 60 விநாடி தண்டனை என்பதால், எல்லைக்கு வெளியே வண்டியைச் சாய்த்துவிட்டு மரத்தடியில் படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அந்த நிழலில் இடமே இல்லை. கடைசியாக வந்தவருக்கும் பத்து நிமிடம் மிச்சம். மாலைவரை ஒரு தண்டனைகூட நான் எழுதவில்லை.

1913-இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டி, 1981-இல் எண்டியூரோ என்று பெயர் மாறிய பிறகும் ஒரு விதியை விடவில்லை: வண்டியைப் பழுது பார்ப்பது வீரரின் சொந்தக் கை. சட்டகம், எஞ்சினின் கிராங்க் உறை, சக்கர மையம் ஆகியவற்றில் அடையாளம் குத்திவிடுவார்கள், மாற்ற முடியாது. இரவில் வண்டி பூட்டிய வளாகத்தில் நிற்கும்; தொட முடியாது. ஆகவே வேலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பகலில் தானே மிச்சம்பிடித்த நிமிடங்கள்தான். பிரேக் பேடை இப்போதே மாற்றுவதா, அடுத்த சாவடிவரை தாங்குமா? செயினை இறுக்குவதா, இரண்டு வாய் சாப்பிடுவதா? இந்தக் கணக்கில் கெட்டிக்காரராக இருந்தே முன்னுக்கு வந்தவர்கள் உண்டு. இருபது நிமிடம் சும்மா கிடைக்கிற இடத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு என்ன வேலை?

சைக்கிளிலும் இதே கதைதான். 2013-இல் எண்டியூரோ உலகத் தொடர் தொடங்கியபோதும், 2023-இல் அது உலகக் கோப்பையாக மாறியபோதும், கடிகாரம் ஓடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஏற்றத்துக்குப் புள்ளி கிடையாது. குறித்த நேரத்தில் மேலே போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே நெருக்கடிதான் அதைப் போட்டியின் பகுதியாக வைத்திருக்கிறது. அதையும் தளர்த்திவிட்டால், இறக்கத்தில் மட்டுமே ஓடும் டவுன்ஹில் பந்தயத்தை நான்கைந்து துண்டாக வெட்டி வைத்ததுபோல் ஆகிவிடும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பொதுச் சாலையில் நேரத்தை இறுக்கினால் வண்டிகள் பறக்கும், எதிரே யாரோ வருவார்கள். அங்கே தாராளமாகவே கொடுங்கள். சாலை முடியும் இடத்தில் ஒரு சாவடி வையுங்கள். அங்கிருந்து காட்டுக்குள் போகும் துண்டை மட்டும் இறுக்குங்கள். மழைக்குத் தனி அட்டவணை தயாராக இருக்கட்டும். எது நடைமுறைக்கு வரும் என்பதைக் காலையில் அறிவித்துவிடலாம். புதியவர்களின் பிரிவுக்குக் கூடுதல் நிமிடம் கொடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆஸ்திரியாவின் இரும்பு மலையில் 1995 முதல் நடக்கும் எர்ஸ்பெர்க் போட்டியைப்போல், 500 பேரைப் பாறைச் சரிவில் ஏற்றி நான்கு மணி நேரத்தில் பெரும்பாலோரைக் கழித்துக்கட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. அதை நான் ஆசையாகப் பார்ப்பேன். ஆனால் அது வேறு இனம்.

முக்கியமான வேண்டுகோள் ஒன்று உண்டு. வரைபடத்தில் தூரத்தை அளந்து, சராசரி வேகத்தால் வகுத்து நேரம் போடும் வழக்கத்தை விடுங்கள். நடுத்தர வீரர் ஒருவரைப் பாதையில் முழுதாக ஓடவிட்டு, அவர் எடுத்த நேரத்தை வைத்து அட்டவணை போடுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் நானே வருகிறேன். என் வண்டி பழையது, நானும் வேகமானவன் அல்ல. நான் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன் என்றால், அந்த அட்டவணையைத் தயங்காமல் கிழித்துப் போடலாம்.

இப்படிக்கு,
சாவடியில் பேனாவோடு காத்திருக்கும் ஒருவன்