ஆசிரியர்களின் மனநலத்தை விசாரிப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா பரவலால் 2020 மார்ச் 17 அன்று தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டது முதல், இடையில் சில வாரங்கள் நீங்கலாக, ஓராண்டுக்கும் மேலாக வீட்டிலிருந்தே பாடம் நடத்திய சுயநிதிக் கல்லூரி ஆசிரியை நான்.

அந்த ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு மாணவர்களின் மனநலம் குறித்துத் துணைவேந்தர்களுக்கு எழுதியது. உதவி எண் ஏற்படுத்தவும், விடுதிக் காப்பாளர் அல்லது மூத்த ஆசிரியர் தலைமையில் மாணவர் உதவிக் குழுக்கள் அமைக்கவும் அது அறிவுறுத்தியது. மிகவும் தேவையான அறிவுரைதான். ஆனால் அதில் ஆசிரியர் உதவி செய்பவராக மட்டுமே வருகிறார். ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய மனோதர்ப்பண் என்ற மனநல ஆதரவுத் திட்டம் ஆசிரியர்களுக்கும் உரியது என்றாலும், அதுபற்றி எங்கள் துறைக்கு ஒரு சுற்றறிக்கைகூட வந்ததில்லை.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், வருகைப் பதிவு எடுப்பதே அச்சம் தருவதாகிவிட்டது. கேமராவை அணைத்திருக்கும் அறுபது பேரை ஒவ்வொருவராக அழைக்கையில் ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டால், டேட்டா தீர்ந்துவிட்டதா, அல்லது வீட்டில் யாருக்கேனும் ஆக்சிஜன் படுக்கை தேடி அலைகிறார்களா என்பது தெரியாமலேயே அடுத்த பெயருக்குப் போக வேண்டியிருந்தது. தாயைப் பறிகொடுத்த மாணவி ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு அழைத்து அழுதாள். நெடுநேரம் அவளோடு பேசியிருந்துவிட்டு, மறுநாள் காலை வகுப்பில் அவள் பெயர் வந்தபோது எனக்குக் குரலே எழும்பவில்லை. அன்று மாலை, வகுப்பு நடந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டைத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஏன் பதிவிடவில்லை என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

கல்லூரியிலேயே மனநல ஆலோசகர் இருக்கிறாரே என்று சிலர் கேட்கக்கூடும். அவர் நிர்வாகத்திடம் சம்பளம் பெறுபவர். ஊதியம் பாதியாகக் குறைக்கப்பட்டு, புதிய மாணவர் சேர்க்கையைப் பொறுத்தே அடுத்த ஆண்டு வேலை நிலைக்கும் என்றிருக்கும்போது, இரவில் தூக்கம் வருவதில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்? மனநலச் சிகிச்சை பெறுவோரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே அளிக்கிறது. அந்த உரிமை எங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், ஆலோசகர் கல்லூரி நிர்வாகத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான ஆலோசகர்களைத் தானே நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக் கட்டணம், மாற்றுச் சான்றிதழ் என்று நாள் முழுதும் தம் சொந்தக் கைபேசியிலேயே பெற்றோருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் அந்தச் சேவை உரியதாக இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு பணி தொடர்பான உத்தரவுகள் வரக் கூடாது. வீட்டில் மரணம் நேர்ந்தவர்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பும் கட்டாயம் வேண்டும். துக்கத்தின் மூன்றாம் நாளே கூகுள் மீட்டில் வந்து பாடம் நடத்திய சக ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் தவிர்த்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.