மூன்று தேக்கு ஜன்னல் பலகைகளும் வளைந்துபோனது குறித்து

மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். ஐப்பசியில் எங்கள் ஃப்ளாட்டில் நீங்கள் பதித்துக் கொடுத்த மூன்று விண்டோ சில், அதாவது ஜன்னலடியில் பதிக்கும் தேக்குப் பலகைகள் பற்றித்தான். அளவு, பில் எல்லாம் உங்களிடமே இருக்கும்.

ஹாலில் உள்ள 10 அங்குலப் பலகை நடுவில் குழிந்துவிட்டது. ஜன்னலைத் துடைத்தால் தண்ணீர் அதில் தேங்கி நிற்கிறது. முன் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்பதால் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் தாராளமாகப் போகிறது. பேரன் போட்ட இரண்டு நாணயங்கள் இன்னும் உள்ளேதான் கிடக்கின்றன.

இதற்கு உங்கள் சர்வீஸ் ஆள் சொன்ன பதில்: "மரம்னா அப்படித்தான் மேடம் இருக்கும். பயமா இருந்தா கிரானைட் போட்டிருக்கணும்." 42,000 ரூபாய் வாங்கும்போது இதை ஏன் சொல்லவில்லை? அன்றைக்கு "மேடம், தேக்கு, தலைமுறைக்கும் நிற்கும்" என்றார்கள். கிரானைட் கதையைச் சொல்லிவிட்டு உங்கள் சர்வீஸ் ஆள் போனையும் வைத்துவிட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் கேட்கிறது.

மரம் வளைந்ததற்குக் காரணம் மரம் இல்லை. சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மொபைல் டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். மேலே பளபளவென்று பாலிஷ், அடியில் ஈரம் புகாமல் தடுக்கும் சீலர் ஒரு கோட்கூட இல்லை, உப்புத்தாள் போட்ட தடமும் இல்லை. எதுவும் பூசாத மரத்தை அப்படியே ஈரச் சிமென்ட் மேல் உட்கார வைத்திருக்கிறீர்கள். அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, மேல்பக்கம் உப்பவில்லை, அப்புறம் பலகை குழியாமல் என்ன செய்யும்? எங்கள் ஊர் ஆசாரி நிலை வைக்கும்போது சுவருக்குள் போகிற பக்கத்துக்குத் தார் பூசாமல் தொடமாட்டார். தொழில்நுட்பம் பேசுகிற உங்களுக்கு இது தெரியாதா?

தயவுசெய்து கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கிண்டி ஷோரூமுக்குப் போனால் "குடோன்ல கேளுங்க" என்றார்கள். அரைநாள் லீவு போட்டு ஸ்ரீபெரும்புதூர் போனேன். ரெண்டாவது சனிக்கிழமை, லீவு என்று வாட்ச்மேன் சொன்னார். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஆன செலவை விடுங்கள், அந்த வெயிலில் போய் வந்ததில் என் ஆயுசில் பத்து வருஷம் போய்விட்டது.

ஆமாம், சொல்ல மறந்தேன். பெட்ரூம் பலகையில் பாலிஷ் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அடைமழை பெய்த நாளில் அடித்தது அது. அன்றைக்கே "காயட்டும் தம்பி" என்று சொன்னேன். "ஒண்ணும் ஆகாது" என்றார் உங்கள் பெயின்டர். கிரகப்பிரவேசத்துக்கு வந்த எல்லோரும் முதலில் பார்த்தது அதைத்தான். மொத்த வீடே பாழ்.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், வேலை சரியாக வேண்டும். மூன்றையும் கழற்றி, காயவைத்து, இழைத்து, ஆறு பக்கமும் சீலர் அடித்து, சிமென்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஷீட் விரித்து, சுவரோரம் கொஞ்சம் இடம் விட்டுப் பதியுங்கள். 15 நாள் தருகிறேன். அதற்குள் ஆள் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம்கூடக் கிடையாதாம், விசாரித்துவிட்டேன்.

அந்த சர்வீஸ் ஆளை மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இன்னும்)